மாடு இல்லாத கதை

1979 மே 22, செவ்வாய்

இன்றும் காலுறை காயவில்லை. அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டுவிட்டு, வெறுங்காலில் ஈரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். நடக்கும்போதெல்லாம் சளக், சளக். நோயாளிகள் எனக்கு முன்னால் என் சப்பாத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

காலை ரவுண்ட் முடிந்ததும் பெரிய டொக்டர் கணேசமூர்த்தி எங்கள் மூவரையும் நிறுத்தினார். பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டொக்டர்கள் நாங்கள் மூவர்தான்: நான், விமலரத்ன, றோலண்ட். இனிமேல் சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் கதை எழுதி வாசிக்க வேண்டுமாம். என் காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். போன வருஷம் அவர் மேற்படிப்புக்குப் போன இடத்தில் இதையும் பயிற்சியில் ஒரு பகுதியாக வைத்திருந்தார்களாம்.

"கட்டில் நம்பரைப் பார்த்துப் பார்த்து ஆளை மறந்து போறியள். ஒரு ஆளைப் பற்றி எழுதுங்கோ. அவரவர் பாஷையில எழுதலாம். ஒரு பக்கம் காணும்" என்றார். யாழ்ப்பாணத்து மனிதர், கட்டளையைக்கூட மெதுவாகத்தான் போடுவார்.

விமல், "இதுக்கு மார்க்ஸ் உண்டா, சேர்?" என்று கேட்டான். றோலண்ட் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரே குஷி. தலவாக்கலைப் பக்கம் வியாகுலம் மாஸ்டர் மகள் என்றால் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறவள் என்று அர்த்தம். அதை இவர்களுக்கு யார் சொல்வது?

மே 26, சனி

மூன்று பேர் எழுதினோம். மூன்று நோயாளிகளும் செத்தார்கள்.

விமலின் கிழவர் முதலாம் பக்கத்தின் நடுவிலேயே போய்விட்டார். றோலண்டுடைய ஆள் பாம்பு கடித்து, மழையில், மின்னல் வெட்டும்போது செத்தான். என்னுடையவள் பிரசவத்தில். பெரிய டொக்டர் ஏலக்காய்த் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் வரமாட்டினம்" என்றார்.

வாசிக்கும் இடம் பெண்கள் வார்டை ஒட்டியிருக்கும் பழைய துணி அறை. வேறு அறை இல்லை. நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் நாம் வாசிப்பதை நிறுத்த வேண்டியிருக்கிறது.

மே 30, புதன்

காலுறை காய்ந்தது. குறித்து வைக்க வேண்டிய செய்தி.

ஜூன் 5, செவ்வாய்

ஊசிப்பாறைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கம்பளியில் சுற்றி லொறியில் கொண்டுவந்தார்கள். பெயர் அம்மாக்கண்ணு. தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள். வயது நாற்பது என்று புருஷன் சொன்னார், முப்பத்தைந்து என்று அவள் சொன்னாள். பேச மூச்சில்லாதபோதும் அதை மட்டும் திருத்தினாள்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். துணி வெளுத்த வெள்ளை. இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன, படுத்தால் மூச்சு முட்டுகிறது. கொக்கிப்புழு வருஷக்கணக்காக ரத்தத்தைக் குடித்திருக்கிறது. மிஞ்சியிருக்கும் தண்ணீர் ரத்தத்தை அடித்து அடித்து இதயம் களைத்துப்போய்விட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அவசரப்பட்டால் இதயம் தாங்காது. பொறுமையாகச் செய்தால் பிழைப்பாள். ஆஸ்பத்திரியில் இருந்தால் கட்டாயம் பிழைப்பாள்.

புருஷன் மாயாண்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார். "உக்காருங்க" என்றால், "இருக்கட்டுங்கம்மா" என்கிறார். உட்காரவில்லை.

ஜூன் 9, சனி

இந்த வாரமும் எழுதினேன். பெரிய டொக்டர், "நல்ல தமிழ். ஆனால் ஆளைக் காணேல்லையே, பிள்ளை" என்றார். கொஞ்சம் கோபம் வந்தது. ஆளைக் காணோமாம். எழுதிய பக்கம் முழுவதும் ஆள்தானே?

அம்மாக்கண்ணுவுக்கு முதல் போத்தல் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. தாங்கிக்கொண்டாள்.

ஜூன் 13, புதன்

அம்மாக்கண்ணுவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன அழகான பெயர். மாற்ற மனம் வரவில்லை. ஊசிப்பாறையும் அப்படித்தான், அதைவிட நல்ல பெயரை நான் எங்கே போய்க் கண்டுபிடிப்பேன்?

முதலில் அவளைச் சாக விடாமல் முடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. லயத்து வரிசைவீட்டு வாழ்க்கை, மூடுபனி, மலை மேலே கொழுந்துக் கூடை என்று எல்லாம் வந்துவிட்டு, கடைசியில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் என்றால் யார் வாசிப்பார்கள்? ஆகவே சாகவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கோயில் மணி அடிக்கும்போது. "டொக்டர், என் மூன்று பிள்ளைகளையும் படிக்க வையுங்கள்" என்று சொல்லிக் கண்ணை மூடுகிறாள்.

எழுதி முடித்துவிட்டு அழுதேன். நானே எழுதி நானே அழுதது வெட்கம்தான். ஆனாலும் நல்ல அழுகை.

ஜூன் 16, சனி

இன்று என் நாள்.

வாசித்தேன். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கும் குரலை எடுத்துக்கொண்டேன். அது எனக்கு நன்றாக வரும். பலகைக்கு அந்தப் பக்கம் பார்வையாளர் நேரம், சனம் பேசிக்கொண்டிருந்தது. நான் வாசிக்க வாசிக்க அந்தச் சத்தமும் அடங்கிப்போன மாதிரி இருந்தது. மணி அடித்து, அவள் கண்ணை மூடி, நான் தாளைக் கீழே வைத்ததும் பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்கு, பிள்ளை. மிச்சம் நல்லா வந்திருக்கு" என்றார். விமலுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அவன்தான் முதலில் கை தட்டினான். றோலண்டும் தட்டினான். பெரிய டொக்டரும்.

படி ஒன்று எடுத்து, கொழும்பில் ஒரு மாதச் சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டேன். தபாற்பெட்டியில் போட்ட பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நிஜ அம்மாக்கண்ணுவுக்கு நேற்று இரண்டாவது போத்தல் முடிந்தது. திங்கள் மூன்றாவது. கால் வீக்கம் குறைகிறது.

ஜூன் 17, ஞாயிறு

கட்டில் காலி.

எப்படி எழுதுவது. வரிசையாகவே எழுதுகிறேன்.

பூசை முடிந்து வார்டுக்குப் போனால் அம்மாக்கண்ணு இல்லை. வார்டு உதவியாள் பூரணி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மாயாண்டி அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே மரக்கறி லொறிய கூட்டியாந்துட்டாரும்மா. நா எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'டொக்டரம்மா வாசிச்சிட்டாங்க. ஞாயித்துக்கெழம விடியக்காலைன்னு நேரங்கூடச் சொல்லிட்டாங்க. பெரிய டொக்டரும் சரியா இருக்குன்னுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. இனிமே இங்க எதுக்கு? பொணமா கொண்டு போறதுன்னா லொறிக்கு நா யார் கால்ல போயி விழுறது'ன்னு கேக்குறாரு. நா என்ன பதில் சொல்லட்டும்?"

கை தட்டினோம். ஆமாம். தட்டினோம்.

காலை ரவுண்டில் ஒவ்வொரு கட்டிலாக நின்று, நோயாளியின் பெயரைச் சொல்லி, நடந்ததையும் நடக்கப்போவதையும் நான்தான் பெரிய டொக்டருக்கு வாசிக்கிறேன். ரத்தம் ஏற்றுவது, சாப்பாடு மாற்றுவது, வீட்டுக்கு அனுப்புவது – நான் வாசித்து அவர் தலையாட்டினால் அது நடக்கிறது. மாயாண்டி பன்னிரண்டு நாளாகப் பார்த்ததெல்லாம் இதுதான். சனிக்கிழமை அதே குரல், அதே பெரிய டொக்டர், அவர் பெண்டாட்டியின் பெயர். அது வேறு வாசிப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஏன் பெயரை மாத்தல? ஒரு பேர மாத்துறது அவ்வளவு கஷ்டமா?

பூரணியையும் கூட்டிக்கொண்டு ஊசிப்பாறைக்குப் பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கி, மழையில் மேலே ஏறினோம். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். நோட்டன் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஆள் போயிருந்தது. யாரோ வாசலைக் கூட்டி வைத்திருந்தார்கள். சாவு வீட்டுக்குக் கூட்டுவதுபோல் கூட்டிய அந்த வாசலைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

அம்மாக்கண்ணு உள்ளே, சாக்கு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. மூச்சு வாங்குகிறது, ஆனால் நேற்றுப் போலத்தான்.

மாயாண்டி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாயத் தேநீர் கொடுத்தார். என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லா வாசிச்சீங்கம்மா. இவளப் பத்தி இதுக்கு முன்னாடி யாரும் அப்படிச் சொன்னதில்ல. நா நின்னுகிட்டே அழுதுட்டேன்."

"அது கதைங்க, அண்ணே. நானா கட்டினது. நெசமில்ல."

"இவ பேரு நெசந்தானே? ஊசிப்பாறை நெசந்தானே?"

"அதெல்லாம் நெசம். சாவு மட்டும் பொய்."

"பொய்ய எதுக்கும்மா பெரிய டொக்டர் முன்னாடி வாசிச்சீங்க?"

கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

"ஞாயிறு விடிஞ்சிருச்சே, அண்ணே. அவங்க உசுரோடதானே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஞாயிறுன்னு நீங்க வாசிக்கலையேம்மா" என்றார்.

இரண்டு போத்தல் ரத்தம் அவளை இந்த வாரம் தாங்கும். இருமல் சளி வந்தாலோ, அடுப்புப் புகையில் மூச்சு அடைத்தாலோ அதுவும் இல்லை. மூன்றாவது போத்தல் ஏறாவிட்டால் அந்த ஞாயிறு வரத்தான் போகிறது. நான் கட்டின பொய் நிஜமாகிவிடும். லயமெல்லாம் சொல்லும், டொக்டரம்மா சரியாகத்தான் வாசித்தாள் என்று.

அப்போது அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"சாகையில... நா என்ன சொன்னேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சொன்னேன். மூன்று பிள்ளைகளையும் படிக்க வையுங்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, பக்கத்திலிருந்த ஒருத்தி முதுகைத் தடவினாள். "எனக்கு ஒத்தப் புள்ள. அவளும் கட்டிக்கிட்டுப் போயிட்டா. யாரப் படிக்க வைக்க?" கொஞ்சம் ஓய்வெடுத்தாள். "மாடு என்னாச்சுன்னு கேட்டேனா?"

"என்ன மாடு?"

"கதையில... மாடு இல்லியா?"

இல்லை என்றேன். அவளுக்கு ஒரு மாடு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் என் வார்டில் இருந்தாள். நாடி பார்த்தேன், ரத்தம் பார்த்தேன், மலம் பார்த்தேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அம்மாக்கண்ணு புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்க. புள்ளக் கணக்கு தப்பு. மாடே இல்ல. இந்தப் பொண்ணுக்கு என்னையப் பத்தி ஒண்ணுந் தெரியல. நா சாகுறது மட்டும் எப்படித் தெரியும்?"

இஸ்தோப்பில் ஒரு கிழவி "அதானே" என்றாள். எனக்கு உயிர் வந்தது. மாயாண்டி மட்டும் அசையவில்லை. தப்பாகவே இருக்கட்டும், பெரிய டொக்டர் அதைச் சரியென்று சொல்லிவிட்டாரே என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார்: வாசித்ததைத் திரும்ப எடுக்க வேண்டும். அதே அறையில், அதே பெரிய டொக்டர் முன்னால். அவர் கேட்டுக்கொண்டு நிற்பார். அதுவரை அம்மாக்கண்ணு வரமாட்டாள்.

மாத்திரைகளைக் கொடுத்து, எப்போது குடிப்பது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பூரணி, "சப்பாத்த கழட்டி அடுப்புக்கிட்ட வைங்கம்மா, காய்ச்சல் வந்துரும்" என்றாள்.

ஜூன் 18, திங்கள்

பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்லா வந்திருக்கு எண்டு நானும் சொன்னனான்தானே" என்றார்.

றோலண்டுக்குத்தான் பிடிக்கவில்லை. படித்த நாங்களே மூடநம்பிக்கைக்குத் துணை போவதா என்று கேட்டான். "அந்த மனிசனுக்கு நம்பிக்கை வேறெதிலையும் இல்லை, தம்பி. எங்கட வாயில. அதை நீர் கெடுக்கப் போறீரோ?" என்றார் பெரிய டொக்டர்.

புதன்கிழமை வாசிப்பு. பூரணி மூலம் மாயாண்டிக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. மூச்சு எப்படியிருக்கிறது என்று கேட்டு வரவும் சொன்னேன்.

ஜூன் 19, செவ்வாய்

எழுத வரவில்லை. பிழைக்கிறவளை எழுதுவது இவ்வளவு கஷ்டமா?

மூச்சு நேற்றைவிட மோசமாம்.

ஜூன் 20, புதன்

மாயாண்டி வந்தார். பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள். துணி அறைக்குள் நாற்காலி போட்டுக் கூப்பிட்டோம். வரவில்லை.

"இங்கனயே நிக்கிறேங்க. அன்னைக்கும் இங்கனதான் நின்னேன்" என்று வார்டுப் பக்கம், காலிக் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூரணி வார்டுக் கதவைச் சாத்தினாள். அவ்வளவு பெரிய சபையில் நான் எந்தப் போட்டியிலும் நின்றதில்லை.

முதலில் சொன்னேன், குரலை உயர்த்தி: "சனிக்கிழமை நான் வாசித்தது தவறு. அதை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." பிறகு புதுப் பக்கத்தை வாசித்தேன். கோயில் குரல் வரவில்லை. வெறும் என் குரல்தான் வந்தது. ஊசிப்பாறை அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். ரத்தம் ஏற்றுகிறார்கள். கண் திறந்ததும் மாட்டுக்குப் புல் போட்டார்களா என்று கேட்கிறாள். இன்னும் ரத்தம் ஏற்றுகிறார்கள். மூச்சுமுட்டல் குறைகிறது, வீக்கம் இறங்குகிறது. நடந்து வீட்டுக்குப் போகிறாள். கொட்டிலில் செவலை மாடு அவள் கையை நக்குகிறது. அவ்வளவுதான்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு.

"செவலை இல்லீங்க. மயிலை."

"மயிலை மாடு" என்று திருத்தி வாசித்தேன்.

"நாலு மாச சென."

"நான்கு மாதச் சினை" என்றேன். வாசித்ததோடு விடவில்லை, எழுதவே செய்தேன். பேனாச் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று.

பெரிய டொக்டர் எழுந்து நின்று, பலகைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இதுதான் சரி. முந்தி வாசிச்சது பிழை."

மாயாண்டி போய்விட்டாரா? நாங்கள் நால்வரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மாயாண்டியின் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"கை தட்டலீங்களே."

விமல்தான் முதலில் தட்டினான். இந்தத் தடவை அவனுக்கு முழுவதும் விளங்கியிருந்தது. றோலண்ட் தட்டினான். பெரிய டொக்டர் தட்டினார். பலகைக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் தட்டினார்கள், ஊசி குத்திய கையோடு ஒருத்தி கட்டில் கம்பியில் தட்டினாள். நான் தட்டவில்லை. தாளால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, வியாழன்

வந்துவிட்டாள். அதே மரக்கறி லொறி. கோவா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். உதடு நீலம், கால் மறுபடி வீங்கிவிட்டது. மூன்றாவது போத்தல் மெல்ல மெல்ல இறங்குகிறது. பக்கத்திலேயே இருந்தேன். விமல் என் வார்டையும் சேர்த்துப் பார்த்தான், நான் கேட்காமலே.

ஜூன் 22, வெள்ளி

தாங்கிக்கொண்டாள். தாங்கிக்கொண்டாள்.

ஜூன் 24, ஞாயிறு

கோயில் மணி அடிக்குமுன் வார்டுக்கு ஓடினேன். தலைகூடச் சீவவில்லை. அம்மாக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "விடிஞ்சிருச்சாம்மா?"

"விடிஞ்சிருச்சு."

"அப்பச் சரி" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகப் பூசைக்குப் பிந்திப் போனதில்லை.

ஜூலை 3, செவ்வாய்

அம்மாக்கண்ணு நடக்கிறாள். நடப்பது மட்டுமா, வார்டையே நடத்துகிறாள். ஏழாம் கட்டில் மருந்தைத் துப்பினால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இமை உள்பக்கம் இளஞ்சிவப்பு. நான் பார்த்த மிக அழகான நிறம் அதுதான் என்று எழுதினால் றோலண்ட் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஜூலை 7, சனி

எழுத்து வகுப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. பெரிய டொக்டர் இரண்டு சட்டம் மட்டும் போட்டார். வாசிக்குமுன் "இது கதை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆளிடம் வீட்டில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் எழுதக்கூடாது.

விமல் போய்க் கேட்டிருக்கிறான். அவனுடைய கிழவர் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருக்கிறதாம், ஊசி இல்லாமல். அதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தான். கிழவர் சாகவில்லை. வாசித்து முடித்ததும் வார்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பெண் "ஹொந்தாய்", நன்றாக இருக்கிறது, என்றாள். விமலின் காது சிவந்துவிட்டது.

ஜூலை 12, வியாழன்

அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போனாள். நடந்தே வாசல்வரை வந்தாள். கொட்டிலுக்குப் போகும்போதும் மலைக்குப் போகும்போதும் செருப்புப் போட வேண்டும், புழு காலடி வழியாகத்தான் ஏறுகிறது, மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது என்று பாடம் எடுத்தேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றாள். கடைசியில், "நீங்களும் காஞ்ச சப்பாத்தா போடுங்க" என்றாள்.

மாயாண்டி இன்றைக்குத்தான் உட்கார்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெஞ்சில், அவள் பக்கத்தில்.

ஜூலை 26, வியாழன்

கொழும்பிலிருந்து கடிதம். கதையைப் போடுகிறார்களாம். செத்த கதையை. "மனதை உருக்கும் முடிவு" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

ஒரு பகல் முழுவதும் பறந்துகொண்டிருந்தேன். என் பெயர் அச்சில்: பெற்றீசியா வியாகுலம். அப்பா தலவாக்கலை முழுவதும் காட்டிக்கொண்டு திரிவார். பின்னேரம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அதை நான் திரும்ப எடுத்துவிட்டேனே?

ஜூலை 27, வெள்ளி

பெயரை மாற்றினால் போதாதா? அம்மாக்கண்ணுவை வேறு யாராவது ஆக்கி, தோட்டத்தையும் மாற்றிவிட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியும். அந்த மூச்சு, அந்தக் கால்மாட்டில் நின்ற மனிதர், எல்லாம் அவர்களுடையது. பெரிய டொக்டர் எழுந்து நின்று பிழை என்று சொன்ன பிறகு அதைச் சரியென்று அச்சில் போட நான் யார்? ஆனால் மனசு கிடந்து அடிச்சுக்குது. எவ்வளவு நாள் ஆசை.

ஜூலை 28, சனி

கதையைப் போட வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பதிலாக மயிலை மாட்டுக் கதையை அனுப்பியிருக்கிறேன், பெயர்களை மாற்றி. மாட்டின் நிறத்தை மட்டும் மாற்றவில்லை. இந்தத் தடவை தபாற்பெட்டியிலிருந்து கையைச் சீக்கிரமே எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, சனி

மழை. வகுப்பு. றோலண்டின் கதையில்கூட இன்று ஒருத்தர் பிழைத்தார்.

செப்டெம்பர் 11, செவ்வாய்

சஞ்சிகையிலிருந்து பதில். கதை திரும்பி வந்துவிட்டது. "நடை நன்று. ஆனால் கதையில் ஒன்றுமே நடக்கவில்லையே? ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், மாட்டைப் பற்றிக் கேட்கிறாள், வீட்டுக்குப் போகிறாள். முதல் கதையைத் தருவதானால் இப்போதும் போடத் தயார்."

கோபத்தில் இரண்டு ரொட்டி அதிகமாகத் தின்றேன். ஒன்றுமே நடக்கவில்லையாம். கொழும்பில் இருந்துகொண்டு இவருக்கு என்ன தெரியும்?

தரமாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

செப்டெம்பர் 29, சனி

இன்று பிள்ளைகளுக்கு ஊசி போட ஊசிப்பாறைக்கு அடுத்த தோட்டத்துக்குப் போனோம். மாதக்கணக்கில் இல்லாத வெயில். திரும்பி வரும்போது வளைவில் வேனை நிறுத்தச் சொன்னேன்.

கீழே ஓடையிலிருந்து லயத்துக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு ஏறிக்கொண்டிருந்தாள். நடையிலேயே தெரிந்தது, அம்மாக்கண்ணு. காலில் செருப்பு. ஜூன் மாதத்தில் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தவள். பாதியில் நிற்பாள், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவாள் என்று நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. படிக்கட்டில் நிற்கவில்லை, வளைவில் நிற்கவில்லை. மேலே போய், கொட்டில் முன்னால் கட்டைப் போட்டுவிட்டு, உள்ளே நிற்கும் எதையோ ஏசினாள். வயிறு பெருத்த மயிலை மாடு ஒன்று தலையை வெளியே நீட்டியது.

டிரைவர் கந்தப்பன் என் பக்கத்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "என்னம்மா நடக்குது அங்க?"

"ஒண்ணும் நடக்கலைங்க" என்றேன். "போவோம்."